டோக்கியோவில் ஐகிடோ டோஜோவில் சேர: படிவம், பணம், பாய், துடைப்பம்

கணவரின் வேலை மாற்றத்தால் நிஷி-கசாய்க்குக் குடிவந்தவள் நான். வந்த எட்டாவது மாதம், ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைச் சொல்லித்தரும் ஒரு சிறிய டோஜோவில், அதாவது பயிற்சிக் கூடத்தில், சேர்ந்தேன். மூன்று மாதம் போனேன், பிறகு நின்றுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நம் ஊர் டியூஷன் மாதிரி, போகாவிட்டால் தானாகப் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து சென்செய், அதாவது ஆசிரியர், கைப்பட எழுதிய கடிதம் வந்தது. அடி ஏதும் பட்டுவிட்டதா, உடல் நலமா என்று கேட்டிருந்தார். கீழே, கட்டாத இரண்டு மாதப் பணத்தின் கணக்கு. அந்தக் கடிதத்தைப் படித்தபோது வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, பாக்கியைக் கட்டி, முறையாக விலகினேன். ஒரு வருடம் கழித்து வேறு டோஜோவில் சேர்ந்தேன். அங்கே இது ஏழாவது வருடம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் மாதம் ஒருமுறை இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். டோஜோ, காசு கொடுத்து வகுப்பு வாங்கும் இடம் அல்ல. சேர்ந்த நாளிலிருந்து அந்த இடத்தை நடத்துகிறவர்களில் நீங்களும் ஒருவர். கீழே வரும் படிவம், பணம், துடைப்பம் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. எனக்கு இது தெரியாததால்தான் முதல் இடத்தில் தவறினேன்.

1. எந்த டோஜோ என்று பாருங்கள்

டோக்கியோவில் ஐகிடோ பழகப் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, ஷின்ஜுகு வார்டின் வகமாட்சு-சோவில் உள்ள, ஐகிகாய் என்ற ஐகிடோ அமைப்பின் தலைமை டோஜோ. ஹொம்பு டோஜோ என்பார்கள். ஒயேதோ பாதையில் வகமாட்சு-கவாதா நிலையத்தில் இறங்கி நடக்கலாம். காலை 6.30 மணிக்கே முதல் வகுப்பு. நாளைக்குப் பல வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். புதியவர்களுக்கென்று தனி வகுப்பும் உண்டு. வெளிநாட்டவர் நிறைய வருவதால் மொழி பெரிய தடையாக இருக்காது.

இன்னொன்று, அக்கம்பக்கத்து டோஜோ. பெரும்பாலும் வார்டு விளையாட்டுக் கூடத்தின் புதோ (தற்காப்புக் கலை) அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, வாரம் இரண்டு நாள் நடத்துவார்கள். சென்செய் பகலில் வேறு வேலை பார்ப்பவராக இருப்பார். இருபது பேர் இருந்தால் அதிகம். வார்டு செய்தி இதழிலும் விளையாட்டுக் கூடத்தின் அறிவிப்புப் பலகையிலும் இவர்களின் விளம்பரத்தைப் பார்க்கலாம்.

சீக்கிரம் கற்றுக்கொள்ள வேண்டும், நேரம் முன்பின் ஆகும் வேலை என்றால் ஹொம்பு நல்லது. டோஜோ வாழ்க்கை என்றால் என்ன என்று தெரிய வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து டோஜோவுக்குப் போங்கள். அங்கே ஒரு நாள் வராவிட்டால் உங்கள் இடம் காலியாக இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

எந்தக் கிளை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐகிகாய் தவிர யோஷின்கான், ஷோதோகான், தோஹெய் கோயிச்சி தொடங்கிய கி சங்கம் என்று பல உண்டு. ஷோதோகானில் போட்டி உண்டு, ஐகிகாயில் கிடையாது. ஒரு கிளையில் வாங்கிய தரம் இன்னொன்றில் அப்படியே செல்லாது. இரண்டு வருடம் கழித்து இதைத் தெரிந்துகொண்டு வருந்தியவர்கள் இருக்கிறார்கள். கீழே நான் சொல்வது ஐகிகாயைச் சேர்ந்த சிறிய டோஜோவின் அனுபவம்.

2. போன அன்றே சேராதீர்கள், உட்கார்ந்து பாருங்கள்

இதற்கு கென்காகு என்று பெயர், பார்வையாளராக வருவது. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்க வேண்டும். "கென்காகு ஷிதாய் நோ தெஸ் கா" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். சில இடங்களில் இதற்கடுத்து தாய்கென் என்ற ஒரு நாள் பயிற்சி தருவார்கள். இலவசம், அல்லது 500 முதல் 1,000 யென் வரை வாங்குவார்கள்.

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். காலுறை கிழியாமல் இருக்கட்டும், செருப்பைக் கழற்றத்தான் போகிறீர்கள். கழற்றியதை நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். உட்காரச் சொன்ன இடத்தில் வகுப்பு முடியும் வரை உட்காருங்கள். பாதியில் எழுந்து போவது, கைபேசியைப் பார்ப்பது, கேட்காமல் படம் எடுப்பது மூன்றும் கூடாது. மண்டியிட்டு உட்கார முடியாவிட்டால் சம்மணம் போடலாமா என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் சென்செயின் திறமையை அளக்க முயலாதீர்கள். புதியவருக்கு அது தெரியாது. மூத்தவர்கள் புதியவர்களை எப்படித் தரையில் இறக்குகிறார்கள் என்று பாருங்கள். யாராவது வலியில் முகம் சுளித்தால் எதிரில் இருப்பவர் உடனே நிறுத்துகிறாரா? வயதானவர்கள் இருக்கிறார்களா? வகுப்பு முடிந்தபின் யார் பெருக்குகிறார்கள்? புதியவர்கள் மட்டும் பெருக்க, மூத்தவர்கள் பேசிக்கொண்டு நிற்கும் இடத்தில் நான் சேரமாட்டேன். என் இப்போதைய டோஜோவில் நான் பார்க்கப் போன அன்று சென்செயே துடைப்பம் எடுத்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

3. படிவமும், தமிழ்ப் பெயரும்

நியூகாய் தொதொகே என்ற சேர்க்கைப் படிவம் ஒரே பக்கம்தான். பெயர், பிறந்த தேதி, முகவரி, அவசரத்துக்கு அழைக்க ஒருவர், உடலில் ஏதாவது கோளாறு உண்டா, வேறு தற்காப்புக் கலை பழகியதுண்டா. கையெழுத்து அல்லது ஹான்கோ எனும் பெயர் முத்திரை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல். வசிப்பு அட்டையைக் கேட்டால் காட்டுங்கள். பல இடங்களில் கேட்பதில்லை.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர்தான். ஜப்பானியப் படிவத்தில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கோ ஒரு பெயரும் ஒரு தலையெழுத்தும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். அதற்கு மேல் கத்தகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) எழுதும்போது வங்கியில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி என்று ஆகிவிடும். டோஜோவில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதினால் பாயில் எல்லாரும் உங்களை உங்கள் அப்பா பெயரால், மரியாதைக்கு "சான்" போட்டுக் கூப்பிடுவார்கள். எனக்கு அதுதான் நடந்தது.

எனவே முதல் நாளே ஒன்று செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளும் வங்கிக் கணக்கின் கத்தகானாவும் எப்படியோ அப்படியே எழுதுங்கள். ஓரத்தில், "இந்தப் பெயரால் கூப்பிடுங்கள்" என்று குறிப்பு வையுங்கள். பின்னால் தரச் சான்றிதழ், காப்பீடு இரண்டும் இந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் எழுதப்படும். அப்போது திருத்துவது சிரமம்.

இடுப்பு, முழங்கால், ரத்த அழுத்தம், கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். தெரிந்தால் அதற்கேற்ப விழவைப்பார்கள்.

4. பணம்

மாதக் கட்டணத்துக்கு கெஸ்ஷா என்று பெயர். அதில் உள்ள இரண்டாவது எழுத்துக்கு நன்றி என்று பொருள். மாதம்தோறும் சொல்லும் நன்றி. அதனால்தான் எத்தனை நாள் வந்தாலும் முழுத் தொகை. "இந்த மாதம் மூன்று வகுப்புதான் வந்தேன், குறைத்துக்கொள்ளலாமா" என்று கேட்காதீர்கள். கூடத்தின் வாடகையும் பாய்களின் தேய்மானமும் உங்கள் வருகையைப் பார்த்து மாறுவதில்லை.

இரண்டாவது டோஜோவில் முதல் மாதம் எனக்கு ஆன செலவு இது. சேர்க்கைக் கட்டணம் 5,000 யென், மாதக் கட்டணம் 5,000, ஆண்டுக் காப்பீடு 1,850, பயிற்சி உடை 6,800. மொத்தம் 18,650 யென். வார்டு கூடத்தில் நடக்கும் சில குழுக்களில் மாதம் 3,000 யென்னுக்கும் பழகலாம். நாள்தோறும் வகுப்பு உள்ள பெரிய டோஜோக்களில் மாதத்துக்கே 10,000 யென் அளவுக்குப் போகும்.

பணத்தை எண்ணிக் கையில் நீட்டக் கூடாது. பல இடங்களில் மாதக் கட்டம் போட்ட ஒரு உறை தருவார்கள். சரியான தொகையை, சில்லறை கேட்காதபடி, அதில் போட்டு இரண்டு கையாலும் கொடுங்கள். முத்திரை குத்தி உறையைத் திருப்பித் தருவார்கள். அதுவே உங்கள் ரசீது, தொலைக்காதீர்கள். மாத முதல் வகுப்பில் கொடுப்பது வழக்கம். மறந்தால் நினைவூட்டச் சங்கடப்படுவார்கள், கேட்கவும் மாட்டார்கள். கேட்கவில்லையே என்று இருந்துவிட்டால் என் கதைதான் ஆகும்.

5. காப்பீடு

பெரும்பாலான சிறிய டோஜோக்கள் விளையாட்டுப் பாதுகாப்புக் காப்பீட்டில் குழுவாகச் சேர்க்கின்றன. இதன் ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஜனவரியில் சேர்ந்தாலும் முழு ஆண்டுத் தொகை, மார்ச்சோடு முடிந்துவிடும், ஏப்ரலில் மறுபடி கட்ட வேண்டும். அவசரமில்லை என்றால் ஏப்ரலில் சேருங்கள். டோஜோவுக்கும் அதுவே வசதி, புதியவர்கள் கூட்டமாக வருவதும் அப்போதுதான்.

என் சான்றிதழின்படி மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு 4,000 யென், போய்வந்தால் நாளுக்கு 1,500 யென். இது மருத்துவச் செலவுக்குப் பதில் அல்ல. சிகிச்சைக்கு உங்கள் வழக்கமான நலக் காப்பீடு 70 விழுக்காட்டை ஏற்கும், மீதி உங்களுடையது. சுளுக்குக்குத் தெருவுக்கு ஒன்றாக உள்ள செக்கொத்சுயின் எனும் எலும்பு-மூட்டு வைத்திய நிலையத்துக்குப் போகலாம். எலும்பு முறிவோ மூட்டு விலகலோ என்று சந்தேகம் இருந்தால் நேரே எலும்பு மருத்துவரிடம் போங்கள். அடிபட்ட அன்றே சென்செய்யிடம் சொல்லுங்கள். சிறியதுதானே என்று மூன்று வாரம் கழித்துச் சொன்னால், எந்த வகுப்பில் எப்படிப் பட்டது என்று எழுதித் தருவது அவருக்குக் கடினம்.

6. உடை, நகை

முதல் மாதம் உடை வாங்காதீர்கள். முழுக்கால் சட்டையும் முழங்கை வரை மறைக்கும் மேல்சட்டையும் போதும் என்பார்கள். பிறகு வாங்கும்போது மெல்லிய ஜூடோ உடையோ ஐகிடோ உடையோ எடுங்கள். 5,000 முதல் 10,000 யென்னுக்குள் நல்லது கிடைக்கும். பருத்தி முதல் இரண்டு சலவையில் சுருங்கும், ஒரு அளவு பெரிதாக எடுங்கள். பெண்கள் உள்ளே வெள்ளை பனியன் போட வேண்டும்.

இடது மடிப்பு வலதின் மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் இறந்தவருக்கு உடுத்தும் முறை. என்னை உடை மாற்றும் அறையில் ஒரு அம்மா ஓடி வந்து திருத்தினார்.

ஹகாமா எனும் அகலமான கறுப்பு ஆடை முதல் டானுக்கு (கறுப்புப் பட்டைத் தரம்) பின். சில டோஜோக்களில் பெண்களுக்கு, டானுக்குக் கீழான தரமாகிய க்யூவில் மூன்றாவதிலேயே. சென்செய் சொல்லும் வரை வாங்க வேண்டாம். மரவாளும் கோலும் டோஜோவில் பொதுவாக இருக்கும்.

நகை முழுவதும் கழற்ற வேண்டும். மோதிரம், வளையல், தோடு, கொலுசு. தாலியையும் மெட்டியையும் பற்றித்தான் நம் பெண்கள் தயங்குவார்கள். கழுத்துப் பக்கம் பிடிக்கும் பயிற்சியில் சங்கிலி உங்கள் கழுத்தை அறுக்கும், மெட்டி பாயின் இடுக்கில் மாட்டும், எதிராளியின் விரலையும் கிழிக்கும். நான் மெல்லிய மஞ்சள் கயிற்றுக்கு மாறினேன், அதை உள்பனியனுக்குள் போட்டுக்கொள்வேன். மெட்டியை வகுப்புக்கு முன் கழற்றுவேன். பூணூல், அரைஞாண் கயிறு பிரச்சினை இல்லை, இடுப்பில் உலோகத் தாயத்து இருந்தால் விழும்போது குத்தும். தலைமுடிக்கு உலோகக் கிளிப் கூடாது. கை, கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள்.

ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் உடையைத் துவையுங்கள். ஜூன் மழைக்காலத்தில் பருத்தி காயாது, வாடை வரும். இரண்டாவது உடை வாங்க வேண்டியது அப்போதுதான்.

7. உள்ளே நுழைந்தது முதல்

வாசலில் நின்று ஷோமென் எனும் முன்பக்கத்தை நோக்கித் தலை வணங்குங்கள். அங்கே ஐகிடோவைத் தொடங்கிய உயெஷிபா மொரிஹெயின் படமோ எழுத்துச் சுருளோ இருக்கும். டோஜோ என்ற சொல்லே பௌத்தத்திலிருந்து வந்தது. புத்தர் ஞானம் பெற அமர்ந்த இடமான போதிமண்டம் என்பதற்குச் சீன, ஜப்பானிய நூல்கள் வைத்த பெயர் அது. வணக்கம் ஆளுக்கு என்பதைவிட இடத்துக்கு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சமயம் இதற்கு இடம் தராது என்றால், சேரும் முன்பே சென்செய்யிடம் தனியாகப் பேசுங்கள். வகுப்பின் நடுவே நின்றுகொண்டிருந்தால் யாருக்கும் காரணம் புரியாது.

வரிசையில் மூத்தவர் வலது கோடி, புதியவர் இடது கோடி. எல்லாரையும் பார்த்துச் செய்ய வசதியான இடம் அதுவே. வகுப்பு தொடங்கும்போது "ஒனெகாய் ஷிமாஸ்", முடியும்போது "தோமோ அரிகாதோ கொசாய்மாஷிதா". ஒவ்வொரு துணையிடமும் இதே இரண்டு.

தாமதமானால் பாயின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து சென்செய் தலையசைக்கும் வரை காத்திருங்கள். சீக்கிரம் போக வேண்டுமென்றால் வகுப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் சொல்லாமல் வெளியேறினால் மயக்கமோ என்று எல்லாரும் பதறுவார்கள்.

8. துணையோடு பழகும் முறை

என்னால் வேகமாகக் கடந்து போக முடியாத பகுதி இது.

ஐகிகாய் முறையில் போட்டி இல்லை. இருவர் சேர்ந்து பழகுவார்கள். தாக்குகிறவர் உகே, எதிர்கொண்டு வீழ்த்துகிறவர் நாகே. பொதுவாக நான்கு முறை ஒருவர் செய்வார், வலம் இடமாக மாற்றி. பிறகு பங்கு மாறும். எண்ண வேண்டியதில்லை, சில வாரத்தில் உடம்பே எண்ணிக்கொள்ளும். ஆளுக்குப் பாதி நேரம் விழுவதிலேயே போகிறது. விழக் கற்றுக்கொள்வதற்கு உகேமி என்று பெயர். முதல் மூன்று மாதம் நீங்கள் உண்மையில் கற்பது அது ஒன்றுதான். வேறு எதுவும் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

நான் முதல் டோஜோவில் வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். மணிக்கட்டை மடக்கினால் பல்லைக் கடித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து ஒத்தடம் கொடுப்பேன். இரண்டாவது டோஜோவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவோடு பழகினேன். என் கையை மடக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். "நீங்க தட்டலைன்னா எங்க நிறுத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் கத்துக்க வேணாமா?" என்ற பொருள்பட மெதுவாகச் சொன்னார். வலி எல்லைக்கு வந்ததும் பாயிலோ எதிராளியின் உடம்பிலோ இரண்டு முறை தட்ட வேண்டும். உகே தன் உடம்பைக் கடனாகக் கொடுக்கிறார், நாகே அதைச் சேதமில்லாமல் திருப்பித் தருகிறார். தட்டாத உகே பொய் சொல்கிறார். அந்தப் பொய்யை நம்பிப் பழகும் நாகே அடுத்த ஆளின் கையை உடைப்பார்.

உயெஷிபா அடிக்கடி சொன்னதாக டோஜோக்களில் எழுதி மாட்டியிருப்பார்கள்: மசகாத்சு அகாத்சு. மெய்யான வெற்றி தன்னை வெல்வது. எனக்கு இது சுவரிலிருந்து புரியவில்லை, அந்த அம்மாவின் கையிலிருந்து புரிந்தது. பல்லைக் கடித்தபோது நான் அவரை வெல்லப் பார்த்திருக்கிறேன்.

புதியவர்கள் இங்கே செய்யும் இரண்டு தவறுகள். ஒன்று, எதிராளிக்கு முன்பே தானாக விழுந்துவிடுவது. இன்னொன்று, அவர் என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்திருப்பதால் கல்லாக நின்று தடுப்பது. இரண்டிலும் எதிரில் இருப்பவர் எதையும் கற்க முடியாது. பிடி என்றால் உண்மையாகப் பிடியுங்கள், இழுத்தால் கூடப் போங்கள்.

எவ்வளவு தெரிந்தாலும் துணையைத் திருத்தாதீர்கள். யூடியூபில் பார்த்ததைச் சொல்லவே வேண்டாம். மூத்த ஆண் உங்களைத் தேவையில்லாமல் அழுத்தினாலோ தொடுகை சரியில்லை என்று பட்டாலோ, பழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று பொறுக்காதீர்கள். உடனே வணங்கிப் பாயின் ஓரம் வந்து உட்காருங்கள், அன்றே சென்செய்யிடம் சொல்லுங்கள். கேட்டும் ஒன்றும் செய்யாத டோஜோவை விட்டுவிடுங்கள். தட்டினால் நிறுத்தாத இடத்தில் ஐகிடோ இல்லை.

மண்டியிட்டுச் செய்யும் பயிற்சிகள் முழங்காலைத் தேய்க்கும். சட்டைக்குள் மெத்தென்ற முட்டி உறை போட்டுக்கொள்வதில் தப்பில்லை. 1,000 யென்னில் கிடைக்கும்.

9. துடைப்பம்

வகுப்பு முடிந்து வணங்கியதும் வகுப்பு முடிந்துவிட்டது என்று நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன், மூன்று மாதமும். ரயிலைப் பிடிக்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் யாரும் என்னிடம் வந்து பேசவும் இல்லை, நான் அதைக் குளிர்ந்த மனிதர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

சோஜி எனும் சுத்தம் செய்வது பயிற்சியின் பகுதி. பாய் விரித்து எடுக்கும் கூடம் என்றால் பதினைந்து நிமிடம் முன்னால் வந்து விரிக்க வேண்டும், கடைசியில் அடுக்க வேண்டும். பாயைப் பின்னலின் போக்கில் பெருக்குங்கள், குறுக்கே அல்ல. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்த பிறகே துடைக்கலாம். உங்களைவிட மூத்தவர் துடைப்பம் வைத்திருந்தால் போய், "கவாரிமாஸ்" என்று கை நீட்டுங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று பொருள். சில சமயம் கொடுக்க மாட்டார். அப்போது வேறு துணியைத் தேடிக்கொள்ளுங்கள்.

நட்பு இங்கேதான் தொடங்குகிறது. துடைத்துக்கொண்டே, இன்றைக்கு இரிமிநாகே (வீழ்த்தும் முறைகளில் ஒன்று) எனக்கு வரவே இல்லை என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர் துணியைக் கீழே வைத்துவிட்டுச் செய்து காட்டுவார். எனக்கு மகள் பிறந்தபோது குழந்தைத் துணி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள், ஆம்புலன்ஸுக்கு 119 கூப்பிடுவது எப்படி என்று எழுதிக் கொடுத்தவர், எல்லாரும் துடைப்பத்தோடு பழகியவர்கள். மொழி அரைகுறையாக இருக்கும் ஒருவருக்கு இதைவிட எளிய வாசல் இந்த ஊரில் எனக்குத் தெரியவில்லை.

10. தேர்வு, தரம்

ஐகிகாயில் ஐந்தாம் க்யூவில் தொடங்கி முதல் க்யூ, பிறகு முதல் டான். ஹொம்பு விதிப்படி தேவையான பயிற்சி நாட்கள்: ஐந்தாம் க்யூவுக்குச் சேர்ந்ததிலிருந்து 30, நான்காவதுக்கு மேலும் 40, மூன்றாவதுக்கு 50, இரண்டாவதுக்கு 50, முதலாவதுக்கு 60, முதல் டானுக்கு 70. மொத்தம் 300 நாள். வாரம் இரண்டு வகுப்பு தவறாமல் போனால் மூன்று வருடம். சிறிய டோஜோக்களில் தேர்வு வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் நடக்கும், நாள் நிறைந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டும். மகப்பேறு இடைவெளியையும் சேர்த்து எனக்கு ஐந்து வருடம் ஆனது.

வருகை அட்டையில் ஒவ்வொரு நாளும் முத்திரை வாங்குங்கள். நாட்கள் அதை வைத்துத்தான் எண்ணப்படும். இன்னொரு டோஜோவில் பழகிய நாள் சேருமா என்பதை முன்பே கேளுங்கள். என் முதல் டோஜோவின் நாட்கள் சேரவில்லை, நான் விலகிய விதத்துக்குக் கேட்கவும் மனம் வரவில்லை.

ஐந்தாம் க்யூவில் கேட்பது சில அடிப்படைகள்: ஷோமென் உச்சி இக்கியோ, ஷோமென் உச்சி இரிமிநாகே, கததெதோரி ஷிஹோநாகே, உட்கார்ந்தபடி கொக்யுஹோ. பெயரைக் கேட்டவுடன் செய்யத் தெரிய வேண்டும், மொழி விளங்காமல் தேர்வில் நிற்காதீர்கள். தேர்வுக் கட்டணம் க்யூவுக்குச் சில ஆயிரம் யென், டானுக்குப் பதிவுத் தொகை சேர்ந்து கூடும். சென்செய் சொல்லும் முன் "நான் எப்போது எழுதலாம்" என்று நீங்களாகக் கேட்பது நன்றாக இருக்காது. உங்கள் தேர்வில் விழுவதற்கு உகேயாக வருகிறவர் உங்களுக்காகவே அந்த நாளை ஒதுக்குகிறார். அவருக்கு நன்றி சொல்ல மறக்காதீர்கள்.

11. வருடம் முழுக்க

ஜனவரியில் ககாமி பிராகி. மோச்சி எனும் புத்தாண்டு அரிசிப் பண்டத்தை உடைத்து, சிவப்புப் பயறு இனிப்புக் கஞ்சியில் போட்டுக் குடிப்பார்கள். சைவத்துக்குப் பிரச்சினை இல்லை. குளிர்காலத்திலும் கோடையிலும் தொடர்ச்சியாகச் சில நாள் சிறப்புப் பயிற்சி. மே மாதம் நிப்போன் புதோகானில் அனைத்து ஜப்பான் ஐகிடோ செயல்விளக்கம். சிறிய டோஜோவும் பேருந்து பிடித்துப் போகும், பார்க்க மட்டுமாவது போய்விடுங்கள். கோடையில் இரண்டு இரவு வெளியூர் முகாம். என் டோஜோவில் சாப்பாடு, தங்கல் சேர்த்து 25,000 யென் அளவில் ஆகும், ஜூனுக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் விருந்தில் குடிக்காதவரும் குடிப்பவரும் சமமாகவே பங்கு தருவார்கள், 4,000 யென் எடுத்துவையுங்கள். காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். சைவம் என்றால் ஏற்பாடு செய்பவரிடம் ஒரு வாரம் முன்பே, முட்டை, பால், மீன் சாறு என்று பிரித்துச் சொல்லுங்கள். "சைவம்" என்ற ஒற்றைச் சொல் அவர்களுக்குப் போதாது. உங்கள் கிளாஸை நீங்களே நிரப்பாமல் பக்கத்தவருக்கு ஊற்றுங்கள், அவர் உங்களுக்கு ஊற்றுவார், தேநீரானாலும் சரி.

ஊருக்குப் போய்த் திரும்பினால் தனித்தனியாகச் சுற்றிய ஏதாவது தின்பண்டம், எல்லாருக்கும் ஒன்று வரும்படி. முறுக்கு உடையாமல் வந்தால் இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும். சென்செய்க்கு மட்டும் தனியாக விலையுயர்ந்த பரிசு வேண்டாம், திருப்பிக் கொடுக்க அவர் சிரமப்படுவார்.

12. ஊரிலிருந்தே இதற்காக வர நினைப்பவர்களுக்கு

இந்தியக் குடிமகன் குறுகிய காலத்துக்கு வரவும் விசா வேண்டும். அதில் அதிகபட்சம் 90 நாள். நீண்ட நாள் தங்கிப் பழகக் கலாச்சாரச் செயல்பாடு என்ற வசிப்பு வகை இருக்கிறது. அதற்கு டோஜோவின் ஒப்புதல், உங்கள் பின்னணி, செலவுக்கான பண ஆதாரம் எல்லாம் காட்ட வேண்டும். தகுதிச் சான்றிதழ் வரவே ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். அந்த வகையில் அனுமதியின்றி வேலை செய்யக் கூடாது. வந்து பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறிமுகமில்லாத சென்செய்யிடம் முதல் கடிதத்திலேயே ஒப்புதல் கேட்காமல், குறுகிய காலத்துக்கு ஒருமுறை வந்து பழகிவிட்டுக் கேளுங்கள்.

13. விடுப்பும் விலகலும்

வேலை, பிரசவம், ஊர்ப் பயணம் எதனாலும் ஒரு மாதத்துக்கு மேல் வர முடியாவிட்டால் க்யூகாய் தொதொகே எனும் விடுப்புப் படிவம் கொடுங்கள். பல டோஜோக்களில் விடுப்பில் மாதக் கட்டணம் கிடையாது, அல்லது குறைவு. முந்தைய மாதத்தின் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதுதான் பொதுவான விதி, தேதியைச் சேரும்போதே கேட்டு எழுதிவையுங்கள். மார்ச் கடைசியில் கொடுத்துவிட்டு ஏப்ரல் பணத்தை விடச்சொல்ல முடியாது.

விலகுவதற்குத் தாய்காய் தொதொகே. வேலை மாறி நாடு திரும்புகிறவர்கள் பெட்டி கட்டும் அவசரத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். குறைந்தது ஆறு வாரம் முன்பே சொல்லுங்கள். தரச் சான்றிதழ்களின் அசல், வருகை அட்டையின் நகல், அடுத்த டோஜோவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஐகிகாய் தரம் இந்தியாவில் உள்ள ஐகிகாய் டோஜோக்களிலும் செல்லும், ஆனால் எந்த நாளில் எந்தத் தரம் என்று காகிதம் இருந்தால்தான் அங்கே தொடர முடியும். கடிதம் எழுத அவருக்கு இரண்டு வாரம் ஆகும். வகுப்புக்கு முன் கேட்காதீர்கள், அவர் மனம் வகுப்பில் இருக்கும். முடிந்து எல்லாரும் துடைப்பம் எடுத்த பிறகு, பக்கத்தில் பெருக்கிக்கொண்டே கேளுங்கள்.